இரவல் பச்சை

செருப்பை வண்டிப்பாதையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வள்ளிமயில் புஞ்சைக்குள் இறங்குவாள். குத்தவைத்து உட்கார்ந்து, விரலால் புழுதியைக் கிளறி, உள்ளே கிடக்கும் உளுந்து விதையை உள்ளங்கையில் எடுத்துக்கொள்வாள். புஞ்சைக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, விதையும் ஆளும் வெறுங்கரிசலும் ஒன்றாகத் தெரியும்படி செல்போனில் படம் எடுப்பாள். “சிரிக்காதீய மாமா, இது கல்யாண வீடு இல்ல” என்பாள். படம் எடுத்து முடித்ததும் விதையை அதே குழியில் போட்டு மூடிவிடுவாள். அதை அவள் மறந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பசுவந்தனைப் பக்கம் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி ஒன்றில், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்துகொடுக்கும் வேலை அவளுக்கு. வயது இருபத்தாறு. இன்ஜினியரிங் படித்தவள், எடுத்த மார்க் பத்துக்கு ஐந்து புள்ளி நான்கு. பஸ்ஸில் யாராவது அதைத் தயங்கித் தயங்கிக் கேட்க வாயெடுத்தால், அவளே முந்திக்கொண்டு பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிடுவாள். அரியர் வைத்த பாடங்களின் பெயரையும் சேர்த்துச் சொல்வாள். எனக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் கரிசல் இருப்பதால் அவள் வாய்க்கு நானும் தப்பியதில்லை.

இந்தக் காட்டில் புரட்டாசியில், மழைக்கு முந்தியே, காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்போம். மழை விழுந்தால்தான் முளை. சில வருஷங்களுக்கு முன்னால், விதைத்ததற்கு அடையாளமாகப் போட்டோ இருந்தால்தான் காப்பீடு என்று உத்தரவு வந்தது. வெறும் மண்ணைப் படம் எடுத்து அனுப்பினால் யார் நம்புவார்? எங்கள் ஆட்களின் மூளை சும்மா இருக்குமா? மாயகிருஷ்ணனின் கிணற்றுத் தோட்டத்தில் மட்டும் உளுந்து பச்சைப்பசேலென்று நின்றது. ஊரே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே போய், ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டது. அத்தனை படத்திலும் அவருடைய மோட்டார் ரூமின் நீலக் கதவு பின்னால் நின்றது. எல்லாம் ஒரே தோட்டம் என்று கண்டுபிடித்து, ஊர் மொத்தத்துக்கும் காப்பீடு கிடையாது என்று தள்ளிவிட்டார்கள். உண்மையாகவே விதைத்தவர்கள் விதைக்காதவர்களாகிப் போனார்கள். அந்த வருஷம் மழையும் கைவிட்டது.

காலேஜ் முடித்து வீட்டில் சும்மா இருந்த வள்ளிமயிலுக்கு அப்போது பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை. “மொளைக்கதுக்கு முந்தி வெதைக்கிற ஊரு ஒண்ணு இருக்குன்னே தெரியாதவிய போட்ட சட்டம் அண்ணாச்சி இது. அத எழுதுத எடத்துல நான் போயி உக்காரணும்.” அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். பொதுக்கொள்கையில் முதுகலை. அரசாங்கத்தின் சட்டதிட்டங்களை எப்படி யோசித்து வகுப்பது என்று சொல்லித்தருகிற படிப்பு.

போன வருஷம் விண்ணப்பித்த இடங்களில் மார்க்கைப் பார்த்த மட்டிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். “பேரப் படிக்கதுக்கு முந்தி மார்க்கப் படிச்சிருக்காவ” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் விண்ணப்பித்தாள். இந்த வருஷம் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகம் அவள் எழுதியதைப் படித்துப் பார்த்து, செல்போனிலேயே நேர்காணலும் நடத்தியது. பீஸ் கட்டாமல் அவள் படிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். நேர்காணலில் எல்லாருக்கும் திருப்தி. ஆனாலும் மார்க் வரம்புக்குக் கீழே இருந்தது. நோய், வீட்டில் சாவு, வறுமை, இப்படி ஏதாவது தக்க காரணத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆதாரத்தோடு அனுப்பினால் விதியைத் தளர்த்துவோம் என்று நல்ல மனசோடு எழுதியிருந்தார்கள்.

வீடு கல்யாண வீடாகிவிட்டது. “எனக்கு நெஞ்சுவலின்னு எழுதுட்டி. கோவில்பட்டில நமக்குத் தெரிஞ்ச டாக்டர்ட்ட சீட்டு வாங்கிருவோம்” என்றார் அப்பா சாமித்துரை. அம்மா வெயிலம்மாள் அதற்கும் மேலே போனாள். “ஒங்க அப்பாவுக்கு எதுக்கு நோவு? நான் செத்துட்டேன்னு எழுதிப்போடு. பெங்களூர்க்காரன் இங்கன வந்தா பாக்கப் போறான்?” சொல்லிக்கொண்டே மகள் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள்.

நானும் என் புத்தியைக் காட்டினேன். மழை கிடைக்காத புஞ்சை மாதிரித்தான் என் மார்க்கும் என்று எழுது, உருகிவிடுவார்கள் என்றேன். முறைத்தாள் பாருங்கள், அந்த முறைப்பு.

“புஞ்சை மேல பழியப் போடாதீய அண்ணாச்சி. புஞ்சை சும்மா கெடக்கல, நாந்தான் சும்மா இருந்தேன். அந்தப் படிப்பு புடிக்கல, படிக்கல. கிளாஸ்ல தூங்குனேன். இவிய ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்காவ, ஒரு நேரம் கூட என்னையப் பட்டினி போடல.”

“படிக்கிற எடம் போயிருமேம்மா” என்றேன்.

“போட்டும். மாயகிருஷ்ணன் மாமா தோட்டத்துல போயி நான் நிக்க மாட்டேன்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. இவள் அனுப்புகிற வெறுங்கரிசல் படங்களை ஆரம்பத்தில் காப்பீட்டுக்காரர்கள் அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அதே படத்தை, வணக்கம்கூடப் போடாமல், ‘புழுதி விதைப்பு. விதை கையில் இருக்கிறது, பார்க்கவும்’ என்று எழுதித் திரும்பத் திரும்ப அனுப்பி, கடைசியில் ஏற்றுக்கொள்ள வைத்தவள். அது சரி, காப்பீட்டுக்காரர்களிடம் செல்லுபடியான பிடிவாதம் பெங்களூரிலும் செல்லுமா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமித்துரையின் புஞ்சையில் படம் எடுக்கிற முறை. நானும் போயிருந்தேன். விதையோடு அப்பாவைப் படம் எடுத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு புழுதியில் அப்படியே உட்கார்ந்து, செல்போனில் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் ‘நான் படிக்கவில்லை’ என்று இங்கிலீஷில் ஒரே வரி அடித்தாள். ஆதாரத்தை இணைக்காமல் பக்கம் நகர மாட்டேன் என்றது.

“ஆதாரத்துக்கா பஞ்சம்?” என்று பையைத் துழாவினாள். அரியர் எல்லாம் வரிசையாக விழுந்திருக்கும் மார்க் ஷீட்டை எடுத்துக் கரிசலில் விரித்தாள். காற்று தூக்கியது. நாலு மூலைக்கும் மண்கட்டி வைத்துவிட்டு, செல்போனை உயர்த்திப் பிடித்தாள்.

டாக்டர் சீட்டு வேண்டாம் என்றதிலிருந்து அவளோடு பேசாமல் இருந்த சாமித்துரை, பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார். தன் நிழல் அந்தத் தாளின் மேல் விழுந்து கிடப்பதைக் கவனித்தார். தள்ளி நின்றுகொண்டார்.