கேப்டனம்மாவுக்குப் பூசிய மை

கடலை மாவையும் தயிரையும் குழைத்து முகத்தில் அப்பி, அது காய்ந்து கன்னத்தை இழுக்கத் தொடங்கினால் சிரிக்கவும் முடியாது, கத்தவும் முடியாது. என் சிறுவயது ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் அப்படிக் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு டிவியில் விண்வெளித் தொடர் பார்ப்பதிலேயே போயின. பூசிவிடுவது அத்தை. அப்பாவின் அக்காவான அவர், லால்குடியிலிருந்து வந்து பாலக்கரையில் எங்களோடு தங்கி, காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் விற்றவர். "கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை அந்தக் கருப்பைப் போக்க மாவைத் தேய்க்கும். வாயை நம்புவதா, கையை நம்புவதா என்று எனக்கு அப்போதே குழப்பம்தான்.

அந்தத் தொடரில் விண்கலத்தின் தலைவி நல்ல கருப்பு, சுருட்டை முடி, அமெரிக்கக்காரி. தமிழில் பேசவைத்து ஒளிபரப்பியதால், "எரிகல் வருகிறது, கலத்தைத் திருப்புங்கள்" என்று செந்தமிழில் அவள் உத்தரவு போட, வெள்ளைக்காரர்கள் "ஆகட்டும் தலைவி" என்று ஓடுவார்கள். தெருவில் அவளுக்கு "கேப்டனம்மா" என்று பெயர். அத்தையோ அவளை நம்மூர்ப் பெண் என்றே முடிவு கட்டியிருந்தார். "மூக்கைப் பாரு புள்ள, நம்ம லால்குடிப் பக்கந்தான். படிச்சுட்டு அங்க போயிருக்கா" என்பார். தெருப் பிள்ளைகளான எங்களுக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான் விண்கலம். கீழ்வீட்டுக் குக்கர் விசிலடித்தால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று அர்த்தம். கேப்டனம்மா யார் என்று அங்கே சண்டையே வந்ததில்லை. என்னைப் பார்த்தாலே தெரிந்ததே.

அதனால்தான் ஸ்கூல் ஆண்டுவிழாவில் விண்வெளி நாடகம் என்றதும் அந்த வேஷம் எனக்குத்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். மிஸ் அதை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் வைதேகிக்குக் கொடுத்தார். கேப்டன் என்றால் முகத்தில் ஒரு களை வேண்டுமாம்; நான் வேற்றுக்கிரகவாசியாம், கைதட்டல் எனக்குத்தான் அதிகம் கிடைக்குமாம். எப்படி வீட்டில் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

விழாவன்று, டிவியில் வருபவள் கருப்பாயிற்றே என்று, கண்மையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து வைதேகியின் சிவந்த முகத்தில் பூசினார்கள். எனக்குப் பச்சைச் சாயம். என் நிறத்தில் பச்சை எடுக்கவில்லை என்று அதைத் துடைத்துவிட்டு, முதலில் வெள்ளைப் பவுடரை அப்பி, அதன்மேல் மறுபடி பச்சை பூசினார்கள். பாதி கருத்த முகத்தோடு வைதேகி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அவள் நல்ல பெண்தான், கேலியாகக் கேட்கவில்லை.

"ஏன்டி, நீ பூசிக்காமலே அப்படித்தானே இருக்கே? அப்புறம் ஏன் எனக்கு இதைப் பூசறா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பூச்சுக்கு முகத்தைக் காட்டினேன்.

நாடகம் நடந்தது. மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை, கேப்டனம்மா மேடையேறியதும் எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் எங்க புள்ள, எங்க புள்ள என்று அவர் காட்டியதை மேடையிலிருந்தே பார்த்தேன். முடிந்ததும் ஓடிவந்து, பச்சை கழுவியும் கழுவாமலும் நின்ற என் தலையைக் கோதி நெட்டி முறித்தார்.

"உன் கலரு அந்த வேசத்துக்கு எப்படி எடுத்துக் குடுத்துச்சு தெரியுமா கண்ணு."

நான் கேப்டன் இல்லை, பச்சை பூசிக்கொண்டு தரையில் உருண்டது நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"போடி, எம்புள்ளய எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. காதருகே ஒட்டியிருந்த பச்சையைக் காட்டினேன். கூட நடித்தவர்கள் மேலிருந்து ஒட்டியிருக்கும் என்று முந்தானையால் துடைத்துவிட்டார். மறுநாள் மார்க்கெட் முழுக்க நான் கேப்டனம்மா ஆகியிருந்தேன். தேங்காய்க்கடை அண்ணன் சல்யூட் அடித்தார்.

இப்போது அந்தத் தொடரும் இல்லை, தெருவே கூடி ஒரு டிவி பார்ப்பதும் இல்லை. என் மகள் செல்போனில் பார்க்கும் விண்கலங்களில் எல்லா நிறத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். அவள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. எனக்குத்தான் அவர்களில் யாராவது கருப்பாக வந்து உத்தரவு போட்டால் இன்றைக்கும் முதுகு தானாக நிமிர்கிறது. அத்தையும் போய்விட்டார். நிஜமாகவே அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் விட்டுக்கொடுக்கவில்லையா என்று அவரிடம் கேட்காமலே விட்டுவிட்டேன். மேடையில் என்னைக் கேப்டனாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்; அவர் பார்த்தது வைதேகியை.