சத்தம் கூட்டப் போன கிட்டார்

திருவிழா மேடையில் கிட்டார் வாசிக்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்கிற கீபோர்டுதான் பயம். ஒரு பட்டனைத் தட்டினால் அதுக்குள்ளிருந்தே கிட்டாரும் வருது. ஆடி பிறக்கிறதுக்கு முன்னாடி எங்க ஆர்கெஸ்ட்ரா ஓனர் கூப்பிட்டு, "உங்க கிட்டாரு கூட்டத்துல காதுலயே விழலண்ணா. இந்த சீசன் பாக்கறேன், இல்லன்னா கீபோர்டே போதும்"னு சொல்லிட்டார். சாமானை மாத்தினா பொழப்பு நிலைக்கும்னு கடை கடையா ஏறி இறங்கினவங்களுக்கெல்லாம் என் நெலைமை புரியும்.

புதுக் கம்பி

முதலில் கம்பியை மாத்தலாம்னு தேரடித் தெருக் கடைக்குப் போனேன். ஆர்மோனியத்துக்கும் டோலக்குக்கும் நடுவில் உக்காந்திருந்த கடைக்காரர், "எது அறுந்துது?"ன்னார். எதுவும் அறுகல, சத்தம் ஜாஸ்தியா வரணும்னேன். கம்பியை எடுக்கப் போன கை அப்படியே நின்னுது.

"சத்தம் வேணும்னா தவில் வாங்குங்க பெரியவரே, அதுக்குக் கம்பியும் வேணாம், கரண்டும் வேணாம்."

வெள்ளைக்காரர் பெடல்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குத் தியானம் பண்ண வந்து ரூம் எடுத்திருக்கிற ஒரு வெள்ளைக்காரர் காலால் மிதிக்கிற பெடல் விக்கிறார்னு கேள்விப்பட்டு ஓடினேன். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டி மிதிச்சா, லாரி மலையேறுற மாதிரி உறுமுது. இவ்வளவு நல்ல சாமானை ஏன் விக்கிறீங்கன்னேன். கண்ணை மூடிக்கிட்டு, இங்க வந்து கத்துக்கிட்ட தமிழில் நிதானமாகச் சொன்னார்:

"மௌனம் தேடி வந்தேன் ஐயா. இது ரூம்ல இருந்தா அது வராது, எடுத்துட்டுப் போங்க."

பூஜை

புது சாமான் வந்தா என் வீட்டுக்காரி பூஜை போடாம வெளியே விடமாட்டாள். பெடலுக்கும் கிட்டாருக்கும் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆச்சு. நேரா கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கூழ் ஊத்துற திருவிழாவுக்குப் போனேன்.

மேடையில் ஒயரைச் சொருகிப் பெடலை மிதிச்சேன். மூச்சுப் பேச்சில்லை. ஒயரை ஆட்டினேன். ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் நடந்துபோய்த் தட்டினேன், திரும்பி வந்து கிட்டாரைக் குலுக்கினேன், முட்டி போட்டுப் பெடலைப் பார்த்தேன். ஜனங்க பாக்கறாங்களேன்னு கை மட்டும் கடைசிப் பாட்டு வரைக்கும் வாசிச்சுக்கிட்டே இருந்தது. கீபோர்டுக்காரர் பட்டனைத் தட்டி என் பங்கையும் முடிச்சுட்டார். வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தா, ஒயர் சொருகுற ஓட்டைக்குள்ள சந்தனம் காஞ்சு கெடக்குது. ஊக்கால நோண்டிக்கிட்டே என்னம்மா இதுன்னேன்.

"வண்டிக்கு சாவி போடற எடத்துலதான வெக்கறோம், அப்ப இதுக்கு எங்க வெக்கறதாம்?"

தாம்பூலம்

அதே ஊர் விழாக் கமிட்டித் தலைவர் தீமிதிக்கு எங்களையே புக் பண்ணத் தாம்பூலத்தோட ஓனர் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். ஓனர் என் முகத்தைப் பார்க்காமலே, "கிட்டாரு இல்லாம வர்றோங்க, உங்களுக்கும் செலவு கம்மி"ன்னார். தலைவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டார்.

"கீபோர்டுக்காரரு நின்னது நின்னபடி நிக்கறாரு. இந்தப் பெரியவரு என்னா நடை, என்னா ஆட்டம், முட்டி போட்டுல்ல வாசிச்சாரு! அவரு வர்லன்னா வேற ஆர்கெஸ்ட்ரா பாத்துக்கறோம்."

கம்பிக்கு அடியில் இருந்து சத்தத்தை வாங்கி அனுப்புற பிக்கப்பை மாத்தலாம்னு இருந்தவன், இப்ப அதை விட்டுட்டு, மேடை பூரா நடக்கிற மாதிரி நீளமான ஒயர் எங்க கெடைக்கும்னு விசாரிச்சுக்கிட்டிருக்கேன்.