டிரைவர் சீட்டுக்கு என்ன ரேட்டு?

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துபோகிறது. மீதியை மாற்றிப் போட்டுவிடுகிறேன். போன வாரம் சுண்டைக்காய் வற்றலுக்கு உப்பு எழுத மறந்து, நாலு பேர் கடிதம் போட்டுத் திட்டினீர்கள். சரி, வாங்கிக்கொண்டேன்.

இந்த வாரம் கார் ரேஸ். சிரிக்காதீர்கள்!

என் தம்பி மகள் கவிதா ஜீப் ஓட்டுகிறாள். தம்பிக்குக் கால் ஒடிந்ததிலிருந்து நாலு வருஷமாக அவள்தான். காலையில் சிலமலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவாள். சாயங்காலம் அவர்களையும் மூட்டைகளையும் கீழே இறக்குவாள். பதினேழு கொண்டை ஊசி வளைவு. மழையானாலும் பனியானாலும் பின்னால் இருக்கிறவர்களின் தூக்குச்சட்டியில் குழம்பு தளும்பாது.

அதை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டு, ‘செலக்‌ஷனுக்கு வா’ என்று கூப்பிட்டார்கள். ஜெயித்தால் ஒரு சீசன் முழுக்க ரேஸ் காரில் ஓட்டலாமாம். துணைக்கு நான் போனேன்.

அங்கே சத்தம் என்றால் அப்படியொரு சத்தம். முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வந்திருந்த பையன்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே குட்டிக் கார் ஓட்டிப் பழகியவர்களாம். நம் பிள்ளை ஒருத்திதான் ரப்பர் செருப்பு. அங்கேயே ஷூ இரவல் கொடுத்தார்கள்.

மூன்று சுற்று. முடிவைப் பலகையில் போட்டார்கள். முதல் பெயர் கவிதா!

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்தவள் காதோடு சொன்னாள்: “அத்தை, இந்த ரோடு ரொம்ப லேசு. எதுக்க லோடு லாரி வரல, யானை வரல... எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போறாக.”

நேரம் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். அதை மடிக்காமல் பிடித்திருந்தாள். எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. அந்தச் சீட்டைப் பிடித்திருந்த விதமே சொல்லிவிட்டது.

அப்புறம் ரேஸ் கம்பெனி மேனேஜர் வந்தார். தொப்பியில் மட்டும் ஆறு கம்பெனிப் பெயர். சட்டையை நான் எண்ணவில்லை.

“கங்கிராட்ஸ்மா. சூப்பர் டைமிங். எவ்வளவு கொண்டு வருவீங்க?”

எங்கள் ஊர் ஜீப்புக்காரர்களிடம் அப்படிக் கேட்டால் என்ன அர்த்தம்? லோடு! கவிதா நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள்:

“பன்னெண்டு மூட்டை கொண்டாருவேன் சார். ஆளு இல்லேன்னா பதினஞ்சு.”

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். சீட் வேண்டுமானால் டிரைவர்தான் பணம் கொண்டுவர வேண்டும். சொந்தப் பணம், இல்லாவிட்டால் ஸ்பான்சர் பணம். தொகையையும் சொன்னார். எங்கள் வீட்டையும் ஜீப்பையும் சேர்த்து விற்றாலும் டயர் செலவுக்கே காணாது.

வெளியூரில் வாயே திறக்காத நான், அன்றைக்கென்று திறந்துவிட்டேன்.

“சீட்டுக்குக் காசா? அப்ப... எங்க பிள்ள ஓட்ட வேணாமாய்யா? சும்மா உக்காந்து வந்தாப் போதுமா?”

எங்கள் ஜீப்பில் அதுதானே முறை? சீட்டுக்குக் காசு கொடுக்கிறவர் பாசஞ்சர். காசு வாங்குகிறவர் டிரைவர். மேனேஜர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய், பஸ் பழனி தாண்டும்வரை முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

பணம் கொண்டுவரப் பத்து நாள் கெடு கொடுத்திருந்தார்கள்.

கவிதா ஸ்பான்சர் கேட்டுப் போனது ஒரு ஏலக்காய் வியாபாரியிடம். பெயர் வேண்டாம். மலையிலிருந்து அவர் மூட்டைகளை இறக்கிக் கொடுப்பதே இவள்தான்.

“ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சி யாருக்கும்மா தெரியும்? எனக்கென்ன விளம்பரம் அதுல? நீ மொதல்ல ஜெயிச்சிட்டு வா, பாப்போம்.”

“ஜெயிச்சிட்டுத்தாண்ணே வந்திருக்கேன்.”

அவர் உடனே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை!

இதே மனிதர் ஏலத்தில் எப்படி வாங்குவார் தெரியுமா? தட்டில் காயைக் கொட்டி, விரலால் தள்ளி, பருமனையும் பச்சையையும் பார்த்துத்தான் விலை சொல்வார். ‘இந்த மூட்டையோட அப்பா என்ன தொழில் பண்றாரு?’ என்று காயைக் கேட்டதுண்டா? ஏலக்காய்க்கு இருக்கிற மரியாதை ஏலக்காய் ஏற்றி வருகிறவளுக்கு இல்லை.

இது நம்ம ஊர்க் கேவலம் மட்டும்தான் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் போன் கடை வைத்திருக்கும் காதர் பாய் ரேஸ் பைத்தியம். அவர்தான் சொன்னார்:

“அட நீங்க வேற! உலகத்துலயே பெரிய ரேஸுலயும் இதே கததாங்க்கா. ஒருத்தனோட அத்தா டீமையே வாங்கிருவாரு, மகன் ஓட்டணும்னு.”

“டீமையேவா?”

“டீமையே! இன்னொருத்தன் பின்னாடி அவன் ஊரு கம்பெனி நிக்கும். கம்பெனி பணத்த நிறுத்துச்சுன்னா, அடுத்த வருசம் அவன் டிவி பொட்டியில பாக்க வேண்டியதுதான், என்னைய மாதிரி.”

“அப்ப நல்லா ஓட்டுறவக?”

“அவுகளும் இருக்காக. சின்னதுலயே பெரிய டீமு கண்டுபிடிச்சுக் காசு போட்டு வளத்துவிடும். ஆனா அந்தக் கண்ணுல படுற வரைக்கும் அப்பன் செலவு பண்ணணும்ல?”

இதற்கு எதற்கு அத்தனை பெரிய ரோடு, கொடி, கடிகாரம்? எல்லா அப்பாக்களையும் வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, பாஸ்புக்கை விரிக்கச் சொன்னால் போதாதா? பெட்ரோலாவது மிச்சமாகும்!

பத்தாம் நாள் போன் வந்தது. சீட் ஏழாவதாக வந்த பையனுக்கு. அவன் அப்பாவுக்குக் கட்டடக் காண்ட்ராக்டாம். கவிதா “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கழுவப் போய்விட்டாள். ஏற்கெனவே கழுவிய ஜீப். அந்த நேரச் சீட்டைக் கிழித்துவிடுவாள் என்று பயந்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். பையன் வளைவில் தடுமாறுகிறானாம். ஒரு வாரம் மலை ரோட்டில் கூட்டிப் போய் நெளிவுசுளிவு சொல்லித் தர முடியுமா?

வெட்கம் இருக்கிறதா பாருங்கள்! நானாக இருந்தால் போனை வைத்திருப்பேன். கவிதா, “வரச் சொல்லுங்க சார், காலையில மொத டிரிப்புக்கு” என்றாள்.

போன திங்கட்கிழமை வந்தான். வெள்ளை ஷூ, தலையில் அதே ஆறு கம்பெனித் தொப்பி. பெண்களெல்லாம் பின்னால் ஏறி உட்கார்ந்தாயிற்று. கண் ஆஸ்பத்திரிக்காக மெட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் நானும் இருந்தேன். ஆஸ்பத்திரி இல்லை, சொந்தக்காரர் வீடு. ஆஸ்பத்திரி போனது வியாழக்கிழமை. பாருங்கள், மாற்றிப் போட்டுவிட்டேன்.

பையன் நேராக டிரைவர் பக்கம் போய்க் கதவில் கை வைத்தான்.

“தம்பி, அங்கிட்டு,” என்றாள் கவிதா. “இந்த வண்டியில சீட்டுக்குக் காசு குடுக்கிறவக அந்தப் பக்கந்தான் உக்காரணும்.”

பின்னால் ஒரே சிரிப்பு. “ஏத்தா, பிள்ளைக்கு ஜன்னலோரமாக் குடு, வாந்தி கீந்தி வரப்போகுது!” என்றது ஒரு குரல்.

வந்தது. ஒன்பதாவது வளைவில்.

நிறுத்தி, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். திரும்ப ஏறியவன் கண்ணில் அப்போதுதான் ஸ்டியரிங் பக்கத்து நேரச் சீட்டு பட்டது. குனிந்து எண்களைப் படித்தான்.

“என்னோட டைம் இதைவிட ரொம்ப அதிகம்க்கா,” என்றான் மெதுவாக.

“தெரியும் தம்பி. ரோட்டப் பாருங்க.”

இறங்கும்போது மற்றவர்களைப் போலவே அவனிடமும் டிக்கெட் காசு கேட்டு வாங்கினாள். சொல்லித் தருவதற்குக் கம்பெனி தரும் பணம் தனியாம். எல்லோர் முன்னாலும் அவள் அந்த டிக்கெட் காசை எண்ணி டப்பாவில் போட்டபோது, கோயம்புத்தூரில் நான் கேட்டது ஒன்றும் அப்படித் தப்பான கேள்வி இல்லை என்று தோன்றியது.

அந்தப் பெரிய ரேஸில் ஓட்டுகிறவர்கள் இருபது பேரா, இருபத்திரண்டா? காதர் பாய் சொன்னது மறந்துபோயிற்று. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து எழுதுங்கள். அப்படியே, அதில் டிரைவர் எத்தனை பேர், பாசஞ்சர் எத்தனை பேர் என்றும் எண்ணிச் சொல்லிவிடுங்கள்.