நோய் வாழைக்குத் தண்ணீர்

சோளகக் காற்று பேயாய் அடிக்கிற வைகாசியில், கிணறு அடிமட்டத்துக்கு வற்றிய பிறகும், அக்கா தன் நோய் வாழைகளுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இலைகள் ஒடுங்கி, உச்சியில் ஒன்றாய் நெருங்கி, ஓரம் மஞ்சளித்து, இடுப்புயரத்துக்கு மேல் வளராத வாழைகள். அவை ஒருநாளும் குலை போடப் போவதில்லை. பாவம், இரக்கத்தில் ஊற்றுகிறார் என்று குடியேற்றத்தில் பேசிக்கொண்டார்கள். தெற்குப் பக்கத்துக் காணிக்காரனான எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

துணுக்காய்ப் பக்கம் காடு வெட்டி எங்களுக்குக் காணி தந்த காலம் அது. புருஷன் காய்ச்சலில் போன பிறகு அக்கா தனியாகவே தோட்டம் செய்தார். வடக்கு வேலிக்கு அப்பால் புருஷனின் தம்பி, இளையவர் என்போம். பயிர் செய்யாமல் விட்டால் காணியை அரசாங்கம் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அக்காவின் காணியில் இளையவருக்கு ஒரு கண். "பொம்பிளையள் தோட்டம் செய்து எங்கை கண்டனியள்?" என்று சந்தியில் நின்று சொல்லுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் வண்டில் நிறைய வாழைக்குட்டி கொண்டுவந்து இறக்கி, "நடுங்கோ மச்சாள், அண்ணற்றை காணியெல்லே" என்றபோது, அக்கா கண் கலங்கிப்போனார்.

அடுத்த வருஷம் விவசாயப் போதனாசிரியர் வந்து அந்த வாழைகளைப் பார்த்ததும் முகம் கறுத்தார். வேலிக்கு அங்கால் நோய் கண்டு, தோண்டி அழிக்கும்படி அவரே இளையவருக்குச் சொன்ன வாழைகளின் குட்டிகள் இவை. அழித்துவிட்டேன் என்று இளையவர் சொல்லியிருந்தாராம். நோய் கிழங்குக்குள்ளேயே இருக்கும், மருந்து கிடையாது, மடலுக்குள் ஒளிந்திருக்கும் பேன் மாதிரியான கறுப்புப் பூச்சி அதை மரத்துக்கு மரம் காவிக்கொண்டு போகும், மண்ணெண்ணெய் ஊற்றிப் பூச்சியைக் கொன்றபின் அடியோடு தோண்டிப் புதைக்க வேண்டும், புதுக் குட்டி நோயே இல்லாத தோட்டத்திலிருந்து வர வேண்டும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அக்கா ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பூச்சி எவ்வளவு தூரம் போகும் ஐயா?"

"காத்தோடை கனதூரம் போகும் அம்மா."

நல்ல கேள்வி என்று போதனாசிரியர் மெச்சினார்.

நெடுங்கேணியில் காட்டோரம் தனித்துக் கிடந்த ஒரு தோட்டத்திலிருந்து அக்கா நல்ல குட்டிகள் எடுப்பித்து, காணியின் தெற்கு அந்தலையில், என் வேலியோரமாக நட்டார். விடிந்ததும் ஒவ்வொரு மடலாய் நீக்கிப் பார்ப்பார். சந்தேகப்பட்டது ஒன்றையும் பொழுதுபட விடமாட்டார்; மண்ணெண்ணெய்ப் போத்தலும் மண்வெட்டியும் பக்கத்திலேயே இருக்கும். இப்போது நோயில்லாத கன்றைக் கண்ணாடிப் போத்தலுக்குள் வளர்த்தெடுக்கிறார்களாம். அக்காவுக்குப் போத்தலும் கண்ணாடியும் அவருடைய கண்தான். ஆனால் வடக்கு வேலியோரத்து நோய் வரிசையில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. போதனாசிரியர் கேட்டால், "ஓம் ஐயா, இந்தக் கிழமை" என்பார். சோளகம் தெற்கிலிருந்து வடக்கே போகிற காற்று. அது எனக்கு உறைத்த நாளில், கெடுவான் கேடு நினைப்பான், விட்டுவிடுங்கோ என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்பிடிச் சொல்லிப்போட்டு நாங்கள் சும்மா இருந்தா, அவன் எப்ப தம்பி கெடுறது? நாங்களும் கொஞ்சம் கை குடுக்க வேணும்."

இரண்டு சோளகம் போயிற்று. இளையவர் புதிதாய் நட்டிருந்த தோட்டம் முழுவதும் வாழை, முழுவதும் ஒடுங்கிப்போயிற்று. அதற்குள் அக்காவின் நல்ல குட்டிகள் என் காணி உட்படக் குடியேற்றம் எங்கும் போய்க் குலை தள்ளியிருந்தன, வடக்கு வேலியை மட்டும் தாண்டாமல். ஒரு பின்னேரம் இளையவர் அந்த வேலியடிக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு குட்டி கேட்டார். நானும் நின்றேன்.

"தாறன் தம்பி. முதல் உங்கடையை எல்லாம் தோண்டித் தாட்டுப்போடுங்கோ. காணி உத்தியோகத்தர் வந்து வெறுங்காணியைப் பாத்திட்டுப் போகட்டும். அதுக்குப் பிறகு தாறன்."

"அவங்கள் காணியை எடுத்துப்போடுவாங்கள் மச்சாள்."

"ஓம்" என்றார் அக்கா.

அப்படியே நடந்தது. காணி பறிபோக, இளையவர் கொக்கிளாயில் பெண்சாதியின் ஆட்களிடம் போனார். அவருடைய வண்டில் சந்தி திரும்பிய கையோடு அக்கா நோய் வரிசையை அடியோடு தோண்டிப் புதைத்தார். அவர் செய்தது பிழை என்று இன்றுவரை என் வாய் சொன்னதில்லை.

வெறுங்காணிக்குப் புதுக் குடும்பம் ஒன்று வந்தது. முதல் நாளே அக்கா திறமான குட்டிகளாய்ப் பார்த்துத் தோண்டி, தலையில் சுமந்துகொண்டு போய் இறக்கினார். "நம்பி நடு பிள்ளை" என்று அந்த இளம் பெண்ணின் கையைப் பிடித்துச் சொன்னார். "எனக்கு மட்டும் ஒண்டும் செய்துபோடாதை."

பகிடி என்று நினைத்து அந்தப் பிள்ளை சிரித்தாள்.