எர்த் குழியில் ஊற்றிய இரண்டு குடம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எண்ணில் மட்டும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. தீப்பெட்டி ஆபீசில் நூற்று நாற்பத்து நாலு பெட்டி ஒரு குரோஸ் என்று முப்பது வருஷம் எண்ணியவள். அதனால் மருமகள் வயர்மேன் பரீட்சைக்குப் படித்தபோது நானும் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"அத்தே, கரண்ட் ஒழுகிச்சுன்னா எர்த் வயர் வழியா மண்ணுக்குள்ள இறங்கி, டிரான்ஸ்பார்மருக்குப் போயி, திரும்ப வீட்டுக்கு வரும். இந்தச் சுத்துல மொத்தம் எவ்வளவு தடைன்னு கணக்குப் போடணும்."

"மண்ணுக்குள்ள போனது எதுக்குட்டி திரும்பி வருது?"

"வரும் அத்தே. அப்படித்தான்."

எனக்கு ஏறவில்லை. தடை குறையக் குறைய நல்லதாம். தடையில்லாவிட்டால் கரண்ட் இன்னும் வேகமாக அல்லவா ஓடும்? அதில் நல்லது எங்கே இருக்கிறது? குழம்பினாலும், குறைய வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கையில், இரவல் மீட்டரை வைத்து வீட்டுக்கு வெளியே உள்ள தடையை அளந்தாள். பதினெட்டு ஓம். வீட்டுக்குள் போகிற வயர், வருகிற வயர் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. மொத்தம் பத்தொன்பது என்று நோட்டில் எழுதினாள். கூட்டல் சரிதான் என்று நானும் சொன்னேன்.

மறுநாள் காலை, எர்த் வயர் குழாயோடு மண்ணில் இறங்குகிற எர்த் குழியைப் போய்ப் பார்த்தேன். கரிசல் பாளம் பாளமாக வெடித்து, குழாயை விட்டு விலகி நின்றது. பாவமாக இருந்தது. இரண்டு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் மொத்தத் தடையைச் சரிபார்க்க அவள் அடுப்படி பிளக்கில் மீட்டரைச் செருகினாள். பதினொன்று. மறுபடி செருகினாள். பதினொன்றேதான்.

"வெளிய மட்டுமே பதினெட்டு. எல்லாம் சேர்த்து எப்படி பதினொன்னு வரும்?" நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். திரும்பப் போட்டாள், அதையும் கிழித்தாள். "எனக்கு ஒண்ணுமே புரியல அத்தே. நான் நாளைக்குப் போகல."

இனி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "ஏட்டி, காலைல குழிக்கு ரெண்டு குடம் உப்புத்தண்ணி ஊத்துனேன்."

நோட்டைக் கீழே வைத்தாள். "உப்பு ஈரம் பட்டா மண்ணுல தடை குறைஞ்சிரும். மீட்டருக்கு லஞ்சம் குடுத்திருக்கீங்களே!"

"குறையணும்னு நீதான சொன்னே?"

"குறையணும்தான். நான் அளந்து முடிச்சப்புறம் குறையக் கூடாது!"

இதென்ன நியாயமோ! அவள் வெளித் தடையைத் திரும்ப அளந்தாள். பத்து. அதோடு ஒன்று, பதினொன்று. கிழித்த தாளைப் பொறுக்கி, நீவி, நோட்டுக்குள் வைத்தாள்.

மறுநாள் விடியலில் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மினி பஸ்ஸில் ஏறினாள்.

"வாரேன் அத்தே. நான் திரும்புறவரைக்கும் குழிப் பக்கம் போயிராதீங்க."

ஊற்றினால் நல்லதா, கெட்டதா என்று கேட்பதற்குள் பஸ் போய்விட்டது.