கஜேந்திரன் சாரின் பூட்டு

ஹட்டன் பயிற்சி நிலையத்தில், பாதுகாப்புச் சப்பாத்து இல்லாதவர்களை ரோபோ இருக்கிற கூடத்துக்குள் விடமாட்டார்கள். கூடப் பயிலும் தனுஷிகாவின் சப்பாத்து மழையில் வாய் பிளந்துபோன அன்று, டோரீன் தன்னுடையதைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினாள். "கால்ல கொப்புளம் சார், நான் இன்னைக்கு வெளியில உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் காலில் ஒரு கீறல்கூட இல்லை. அது தனுஷிகாவுக்கே பிறகுதான் தெரிந்தது.

அப்படிப்பட்ட பிள்ளைதான் டோரீன். ஆனாலும் அவள் நெஞ்சுக்குள் ஒரு கொள்ளி அணையாமல் கிடந்தது. றொசல்ல பக்கத்துத் தோட்டக் கோயிலில், முழங்கால் வலிக்க வலிக்க மாதாவிடம் அவள் கேட்டது ஒன்றே: "அந்த மனுசன ஒரே ஒரு தடவ என் கையில குடு தாயே." இப்படி வேண்டக்கூடாது என்று தெரியும். தெரிந்தும் வேண்டினாள்.

அந்த மனுசன் கஜேந்திரன். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்தவர். டோரீனின் அண்ணன் சுகந்தன், கொழுந்து அரைக்கிற ரோலருக்குள் கைவிட்டுத் துப்புரவு செய்துகொண்டிருந்த நேரம், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடி நிற்கையில், "சுகந்தன் குடிச்சிட்டு வந்தான், கைய விட்டுட்டான்" என்று ஒரே போடாய்ப் போட்டார். அப்புறம் திம்புள்ள பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். டோரீன் அப்போது கொழும்பில் கடை வேலையில் இருந்தாள். அவர் அவளைக் கண்டதில்லை.

சுகந்தன் சாராயத்தைத் தொட்டவனில்லை. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவன். அதற்குப் பிறகு அவன் கோயில் படி ஏறவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பொடிசுகள்கூட அவனைக் கண்டால் வாயில் போத்தலைக் கவிழ்ப்பதுபோல் சைகை காட்டிச் சிரித்தன.

தேயிலைப் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ரோபோக் கை இந்தப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வரப்போகிறது, பயின்றவர்களுக்கு வேலை உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் டோரீன் பயிற்சிக்குச் சேர்ந்தாள். முதல் நாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், தன் நிர்வாகம் அனுப்பிவைத்த கஜேந்திரன். பெயரைக் கூப்பிட்டபோதுதான் ஆள் யாரென்று டோரீனுக்குத் தெரிந்தது. மாதா அவள் மன்றாட்டைக் கேட்டுவிட்டாள்.

சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து மயூரதன் சார். அந்தக் கூடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். கம்பி வேலிக்குள் போகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைத் தானே அதில் மாட்டி, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டுத் தொங்கும்வரை ரோபோவை யாராலும் அசைக்க முடியாது.

கஜேந்திரனுக்கு ஆயுள் முழுக்க அடுத்தவர் கையால் வேலை வாங்கித்தான் பழக்கம். ஒருநாள் வேலிக்குள் ஒரு பெட்டி விழுந்தது. அவர் பூட்டையும் சாவியையும் டோரீனிடம் எறிந்தார்.

"ஏ பொண்ணு, சுவிட்ச அணைச்சு இதையும் மாட்டு."

டோரீன் அணைத்தாள். மாட்டவில்லை. அவர் குனிந்து ரோபோக் கைக்கு அடியால் நுழைந்து அந்தப் பக்கம் போனார்.

"மாட்டிட்டியா?"

"இல்லைங்க சார். பூட்டும் என் கையில, சாவியும் என் கையில."

"வெளையாடாத! யாரு நீ?"

"சுகந்தன் தங்கச்சி."

அவருக்கும் வாசலுக்கும் நடுவே இரும்புக் கை நின்றது. வெளியே வர வேண்டுமென்றால் மறுபடி அதன் அடியால்தான் வர வேண்டும். டோரீனின் விரல்கள் சுவிட்சில் இருந்தன. திருப்பு, திருப்பு என்று அவை கெஞ்சின. திருப்பிவிடுவாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாத நேரம் அது.

"எங்க அண்ணன் அன்னைக்குக் குடிச்சிருந்தானா சார்?"

கரும்பலகையருகே நின்ற மயூரதன் சார் திரும்பிப் பார்த்துப் பதறினார். "பிள்ளை, கையை எடு!"

"எடுக்கிறேன் சார். அவரு மொதல்ல சொல்லட்டும்."

கஜேந்திரன் இரும்புக் கையை அண்ணாந்து பார்த்தார். "குடிக்கல... அவன் குடிக்கல. நாந்தான் பாக்காம போட்டேன்."

"பெரட்டுல சொன்னத பெரட்டுலயே வந்து மாத்திச் சொல்லணும்."

"வர்றேம்மா. சத்தியமா வர்றேன், தாயே."

'ஏ பொண்ணு' தாயாகிவிட்டது. டோரீன் பூட்டை மாட்டினாள்.

அன்றைக்கே அவளைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "உன்ர நியாயம் எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா மெசினைக் காட்டி ஆளை வெருட்டினா இஞ்ச வைச்சிருக்க ஏலாது" என்றார் மயூரதன் சார். "தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்" என்றாள். கைக்கெட்டிய வேலை போனதே என்று அழவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை கஜேந்திரன் பெரட்டுக் களத்துக்கு வந்தார். தானாக அல்ல, மயூரதன் சார் கூடவே வந்து நின்றார். சுகந்தன் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தான். கஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளதைச் சொன்னார்.

"கேக்கல! இன்னொருக்கா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

இன்னொருக்கா சொன்னார். முதல் தடவையைவிட அந்த இரண்டாம் தடவைதான் டோரீனுக்கு ருசித்தது.

வேனில் ஏறப்போனவர் நின்று அவளிடம் வந்தார். அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

"இப்ப மனசு ஆறிச்சா? மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

"அது ஆண்டவரோட வேலைங்க சார். எனக்கு வேற வேலை இருக்கு. தெனம் காலையில எங்க அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடணும்."