நாற்பத்தைந்தில் நிற்காத தலை

பத்தொன்பது வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள் அவள். முப்பத்தொன்பதாவது வயதில் கம்பெனி பூட்டப்பட்டதும் முடிவெட்டப் படிக்கக் கிளம்பினாள். அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் கூடப் படித்த சின்னப் பெண்கள் அவளைக் 'காலர் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் கணவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூடவே இருந்த அவருடைய அக்கா, அவருக்கும் சேர்த்துத் திறந்தார்.

"ஊரார் தலையில கை வைக்கப் போறாளாம்."

இந்த நாத்தனாரோடு அவளுக்குப் பதினாறு வருஷமாகவே ஒட்டவில்லை. கூப்பிட்டால் பாதி நேரம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். திமிர் என்று காலர் அக்கா என்றைக்கோ முடிவுகட்டிவிட்டாள்.

செய்முறைத் தேர்வன்று, மாடலாக வருவதாகச் சொல்லியிருந்த எதிர்வீட்டுப் பெண் காய்ச்சல் என்று போன் செய்தாள். மணி ஒன்பதேகால். பத்து மணிக்குத் தேர்வு. மாடல் இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த தேர்வு ஆறு மாசம் கழித்து. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலில் நின்று கையைப் பிசைந்தாள்.

நாத்தனார் பேப்பரை மடித்து வைத்தார். "எவ்வளவு வெட்டுவே?"

"தாடைக்குக் கீழ ரெண்டு விரல் நிக்கும், அண்ணி."

"மொட்டையடிச்சிடாதே." பையை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

தேர்வு அறையில் பன்னிரண்டு நாற்காலிகள். தேர்வு நடத்த வந்த அம்மாள் கையில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பாகைமானி. எல்லாருக்கும் ஒரே கேள்வி: நாற்பத்தைந்து டிகிரியில் அடுக்கு வெட்டு, எழுபது நிமிஷம். முடி தலையை ஒட்டித் தொங்கினால் பூஜ்யம். தலையிலிருந்து நேராக வெளியே இழுத்தால் தொண்ணூறு. நடுவில் பிடித்து வெட்டினால் அடிமுடி குட்டையாகவும் மேல்முடி நீளமாகவும் அழகாக உட்காரும். கோணம் கூடிப்போனால் அடுக்கு மேலே ஏறிவிடும்.

பின்பக்கத்தையும் வலது பக்கத்தையும் முடித்தாள். பிறகு இடது பக்கம். "கழுத்தை நேரா வையுங்க, அண்ணி," என்று நாலைந்து தடவை சொல்லிக்கொண்டே வெட்டினாள். பத்தே முக்காலுக்கு இரண்டு பக்கமும் சீவிப் பார்த்தாள். இடது பக்க அடுக்கு ஒரு விரல் மேலே ஏறியிருந்தது.

பிடித்ததெல்லாம் நாற்பத்தைந்துதான், கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தாள். பேசும்போது தலை அசைகிறதோ என்று, இடது பக்கம் நின்று மறுபடியும் மெல்லப் பேசிப் பார்த்தாள். நாத்தனாரின் தலை இடது தோள் பக்கம் சாய்ந்து, வலது காது மேலே எழும்பியது; தலை சாய்ந்த அளவுக்குக் கோணம் கூடியிருந்தது. கண்கள் கண்ணாடியில் அவள் உதட்டைத் தேடின.

சீப்பால் வாயை மறைத்துக்கொண்டு இடது காதருகே குனிந்தாள். "தண்ணி வேணுமா, அண்ணி?"

நாத்தனார் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் வந்து அதையே கேட்டாள்.

"வேண்டாம். வேலையைப் பாரு."

காலர் அக்கா கத்தரியைத் தாழ்த்தினாள். "எத்தனை வருஷமா, அண்ணி?"

"எது?"

"இடது காது."

நாத்தனார் பக்கத்து நாற்காலியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "உன் கல்யாணத்துக்கு முன்னாலருந்தே. என் தம்பிகிட்ட சொல்லிடாதே. இந்த வயசுல எனக்கு ஒரு பட்டப்பேரு வேண்டாம்."

எத்தனையோ தடவை கூப்பிட்டும் திரும்பாத அந்த முதுகு அவள் கண்முன் வந்து போனது. வெட்கப்பட நேரமில்லை, இருபத்திரண்டு நிமிஷம்தான் மிச்சம். வெட்டிய முடியை ஒட்டவா முடியும்? வலது பக்கத்தையும் அதே அளவுக்கு ஏற்றினால்தான் சரியாக வரும். ஏற்றினால் கேட்ட கோணம் இருக்காது.

"சொன்னதைவிடக் குட்டையாயிடும், அண்ணி."

"கோணல்மாணலா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவியா? வெட்டு."

அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. தலையை நிமிர்த்த வேண்டிய இடத்தில் தாடையை இரண்டு விரலால் தொட்டாள். பக்கத்து நாற்காலிகளில் ஒவ்வொருவராகக் கத்தரியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவள் கடைசிக் கிளிப்பை எடுத்தபோது மணி அடித்தது.

தேர்வு அம்மாள் முடியைத் தூக்கிப் பாகைமானியை வைத்துப் பார்த்தார். "இது அறுபதும்மா. கேட்டது நாற்பத்தைந்து."

கண்ணாடியில் நாத்தனாரின் முகம் வெளுத்தது. மாடலுக்குக் காது கேட்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேர்வு அம்மாள் மனசு இரங்கினாலும் இரங்குவார்.

"என் தப்பு மேடம். கண்ணாடிய வச்சு அளந்தேன், தலைய வச்சு அளக்கலை. தலை சாஞ்சதைக் கவனிக்கலை."

"தலைய நேரா வைக்கிறதும் உங்க வேலைதான்," என்று சொல்லி, மார்க்கை எழுதிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

நாலு மார்க்கில் போய்விட்டது. ரிசல்ட் வந்த அன்று நாத்தனார் சமையலறைக்கு வந்து, "ஆறு மாசத்துல வளர்ந்துடும். வேற ஆளைத் தேடாதே," என்றார். வளர்ந்தது. மறுபடியும் அதே அறை, அதே அம்மாள். இந்தத் தடவை பாகைமானி நாற்பத்தைந்தைக் காட்டியது.

இப்போது காலர் அக்கா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்லரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் நாத்தனாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்ச் சொல்கிறாள். இருவரும் எப்படி ராசியானார்கள் என்று கணவருக்கு இன்றுவரை புரியவில்லை.